சின்ன ஹார்லி வந்தால் பெருமை குறையாது

'ஸ்பிரின்ட்' என்ற பெயரில் ஒரு சின்ன பைக் கொண்டுவரப் போவதாக, பெரிய பைக்குகளுக்குப் பேர்போன அமெரிக்கக் கம்பெனி ஹார்லி டேவிட்சன் 2025-இல் அறிவித்தது. அமெரிக்காவில் 6,000 டாலருக்குள் விலை வைப்பது இலக்காம். அப்போதிலிருந்து எனக்குத் தெரிந்த பைக் பிரியர்கள் பலர் ஒரே புலம்பல். "சின்னப் பசங்களுக்காக ஹார்லி தன் மானத்தை விற்கிறது" என்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஏன் என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஹார்லி 1903-இல் தொடங்கியபோது விற்பனைக்குச் செய்த வண்டியில் இருந்தது ஒற்றை சிலிண்டர் எஞ்சின், ஏறக்குறைய 405 சிசி. இன்று எல்லோரும் ஹார்லியின் உயிர் என்று சொல்லும் வி-ட்வின், அதாவது இரண்டு சிலிண்டர்கள் 'V' வடிவில் நிற்கும் எஞ்சின், அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இப்போது இந்தியாவில் ஹார்லி பெயரில் ஹீரோ கம்பெனி தயாரிக்கும் எக்ஸ்440 பைக்கைப் பார்த்து "இது ஹார்லியே இல்லை" என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த முதல் வண்டியைவிட எக்ஸ்440-இன் எஞ்சின் பெரியது!

அதோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் டிகேடபிள்யூ கம்பெனி வடிவமைத்த 125 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி போர் இழப்பீடாக நேச நாடுகள் கைக்குப் போனது. அதை வைத்து பிரிட்டனில் பிஎஸ்ஏ கம்பெனி தன் பேன்டம் வண்டியைச் செய்தது. அதே வடிவமைப்பில் தன் சொந்த ஊரான மில்வாக்கியில் ஹார்லியும் ஒரு 125 சிசி வண்டி செய்து, 1948 மாடலாக விற்றது. 1960-இல் டாப்பர் என்று ஒரு ஸ்கூட்டர்கூட விட்டார்கள். ஆமாம், ஹார்லி ஸ்கூட்டர்.

ஸ்பிரின்ட் என்ற பெயரும் புதிதல்ல. 1960-இல் இத்தாலியின் ஏர்மாக்கி கம்பெனியின் பைக் பிரிவில் ஹார்லி பாதிப் பங்கு வாங்கியது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்த 250 சிசி வண்டியின் பெயர்தான் ஸ்பிரின்ட். எனக்கு மிகவும் பிடித்த கதை இதற்கு அப்புறம் வருகிறது. அந்த இத்தாலியத் தொழிற்சாலையில் உருவான, ஹார்லி டேவிட்சன் பெயர் தாங்கிய சின்ன டூ-ஸ்ட்ரோக் ரேஸ் வண்டிகளில் வால்டர் வில்லா 1974, 75, 76 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 250 சிசி உலக சாம்பியன் ஆனார். 1976-இல் 350 சிசி பட்டத்தையும் சேர்த்தே வென்றார். உலக கிராண்ட் பிரி மேடையில் ஹார்லியின் பெயரை நான்கு முறை சாம்பியனாக ஏற்றியவை சின்ன வண்டிகள்தான். ஹார்லி பக்தர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

இவ்வளவு இருந்தும் ஹார்லியின் சின்ன வண்டிகள் ஏன் நிலைக்கவில்லை? என் கருத்து இதுதான்: ஹார்லி அவற்றைச் செய்தது, ஆனால் சொந்தம் கொண்டாடவில்லை. பெரிய வி-ட்வின் விற்றுப் பழகிய டீலர்கள் பலருக்கு அந்த இத்தாலிய வண்டிகள் மேல் ஈடுபாடே இல்லை. வாங்க வந்த இளைஞனைப் பாதி வாடிக்கையாளராகப் பார்த்தார்கள். 1978-இல் ஏர்மாக்கியைக் கைகழுவிவிட்டார்கள்.

அதே காலத்தில் ஹோண்டா என்ன செய்தது என்று பாருங்கள். 1959-இல் அமெரிக்காவுக்குள் வந்து 50 சிசி 'கப்' (Cub) வண்டியைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் முன்னால் நிறுத்தியது. பைக் பக்கமே வராதவர்களை எல்லாம் ஓட்ட வைத்தது. பத்தே ஆண்டில், 1969-இல், சிபி750 என்ற பெரிய பைக் வந்தபோது ஹோண்டாவை நம்புகிற ஒரு தலைமுறையே அங்கே தயாராக இருந்தது. சின்ன வண்டியில் முதல்முறை கிளட்ச் பிடித்தவன் பெரிய வண்டி வாங்கும்போது பழகிய பெயரைத்தான் முதலில் தேடுவான். ஹார்லி விட்ட இடம் இது.

நம் ஊருக்கு வருவோம். 2013 கடைசியில் ஸ்ட்ரீட் 500, 750 என்று இரண்டு வண்டிகளை அறிவித்தார்கள். இளைஞர்களுக்காக, நகரத்துக்காக என்றார்கள். ஸ்ட்ரீட் 750 ஹரியானாவின் பாவல் தொழிற்சாலையில் உருவாகி, 2014-இல் நான்கு லட்சத்துச் சொச்சம் விலையில் வந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனால் வயர்கள் வெளியே தெரிகின்றன, பிரேக் போதவில்லை என்று வெளிநாட்டிலும் இங்கேயும் குறை சொன்னார்கள். பிரேக்கை அப்புறம் மாற்றினார்கள் என்பது உண்மைதான். என் கேள்வி வேறு. புதிதாக ஓட்ட வருகிறவனுக்குத்தான் பிரேக் முதலில் நன்றாக இருக்க வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கலாம் என்று ஒரு கம்பெனிக்கு எப்படி மனம் வந்தது?

2020 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஹீரோவோடு ஒப்பந்தம் ஆனது, சர்வீஸ் பொறுப்பு அவர்களிடம் போனது. சரி, நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட நாட்களில், கடன் வாங்கி வண்டி எடுத்த பையன்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். இருபது லட்சத்துக்கு வண்டி வாங்குகிறவர் வீட்டில் இன்னொரு வண்டி நிற்கும். இஎம்ஐ கட்டுகிறவனுக்கு அந்த ஒரு வண்டிதான் எல்லாம். ஸ்பேர்ஸ் வராவிட்டால் அவன் வேலைக்குப் பஸ்ஸில் போக வேண்டும்.

அதனால்தான் 2023 ஜூலையில் வந்த எக்ஸ்440-ஐ நான் மனசார வரவேற்றேன். 2.29 லட்சத்தில் தொடக்க விலை, நாடு முழுவதும் ஆள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி பின்னால் நிற்கிறது. அதே வாரத்தில் பிரிட்டனின் பழைய பைக் கம்பெனியான ட்ரையம்ப், பஜாஜோடு சேர்ந்து ஸ்பீட் 400-ஐ 2.33 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. ட்ரையம்ப்பும் 1950-களில் டைகர் கப் (Tiger Cub) என்று 200 சிசி வண்டி விற்ற கம்பெனிதான். பழைய பெயர்கள் எல்லாம் கீழே இறங்கி வருகின்றன என்று இதைப் பார்க்க வேண்டியதில்லை. தொடங்கிய இடத்துக்கே வருகின்றன.

இதில் பாதுகாப்பு விஷயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஐரோப்பாவில் இளைஞர்களுக்கு லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். ஏ2 என்ற நடுப்படி லைசென்ஸ் வைத்திருப்பவர் 35 கிலோவாட்டுக்கு (சுமார் 47 குதிரைத்திறன்) மேல் சக்தியுள்ள பைக்கைத் தொட முடியாது. இங்கே பதினெட்டு வயதில் கியர் வண்டி லைசென்ஸ் எடுத்துவிட்டால் போதும், மறுநாளே 1000 சிசி சூப்பர் பைக் ஓட்டலாம். சட்டம் படிக்கட்டு வைக்காத நாட்டில், கம்பெனிகள் விற்கும் சின்ன வண்டிதான் படிக்கட்டு. "பெரிய பேர், ஆனா சின்ன வண்டி" என்று ஒன்று இருந்தால், ஆசைக்காகப் பெரிய வண்டியில் நேராக ஏறத் துடிக்கும் ஒரு பையனையாவது அது தடுத்து நிறுத்தும்.

ஆனால் சின்ன வண்டி என்றால் சிசி மட்டும் சின்னதாக இருந்தால் போதாது. எக்ஸ்440-இன் எடை 190 கிலோவைத் தாண்டுகிறது. நெரிசலில் யூ-டர்ன் போடும்போது, மண் சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளும்போது, புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்த எடை நன்றாகவே தெரியும். பெண்கள் பலர் நல்ல பைக் ஓட்ட ஆசைப்பட்டு ஸ்கூட்டரிலேயே நின்றுவிடுவதற்கு எடையும் சீட் உயரமும் பெரிய காரணம். இந்த விஷயத்தில் ராயல் என்ஃபீல்டு 2022-இல் செய்ததைப் பாராட்டுவேன். கிளாசிக் 350 எடை 195 கிலோ. அதே எஞ்சினை வைத்து ஹன்டர் என்ற வண்டியை, மாடலைப் பொறுத்து 177, 181 கிலோவுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைச் சிறிதாக்கி, நகரத்தில் சட்டென்று வளைகிற வண்டியாக்கினார்கள். 1.49 லட்சத்தில் விலை தொடங்கியது. அதிலும் ஒரு குறை உண்டு. அந்தத் தொடக்க விலை மாடலுக்குப் பின்னால் டிரம் பிரேக், ஒற்றைச் சேனல் ஏபிஎஸ். அதாவது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான்; இரட்டைச் சேனல் என்றால் இரண்டுக்கும். காசு குறைவாக இருப்பவனுக்குப் பிரேக்கும் குறைவு என்பதை என்னால் எந்தக் கம்பெனியிடமும் ஏற்க முடியாது. பெயின்ட்டைக் குறையுங்கள், டிஸ்பிளேயைக் குறையுங்கள், சைலன்சருக்கு முலாம் பூச வேண்டாம். இரட்டைச் சேனல் ஏபிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம். 398 சிசியும் 440 சிசியும் 1800 சிசியோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. முதல் வண்டி வாங்கும் இளைஞருக்கு இது அநியாயமான கோடு என்றே நினைக்கிறேன். ஆனால் கோடு போட்டாகிவிட்டது. இந்தியாவில் இளைஞர்களைத் தேடி வரும் எந்தப் பாரம்பரியக் கம்பெனியும் 350-க்குள் ஒரு நல்ல வண்டி செய்தாக வேண்டும்.

பைக் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டேங்கில் இருக்கும் பெயரைப் பார்த்து புக் பண்ணிவிடாதீர்கள். ஷோரூமுக்குப் போனால் முதலில் சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலும் தரையில் ஊன்றுகிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்புறம் கிளட்ச் கேபிள், பிரேக் பேட், இண்டிகேட்டர் இந்த மூன்றின் விலையையும், அவை கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் சர்வீஸ் பக்கம் போய்க் கேளுங்கள். விற்பனைப் பிரிவில் கேட்காதீர்கள், சர்வீஸில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். அவர் தயங்காமல் பதில் சொன்னால் முன்பணம் கட்டலாம்.