மஞ்சள் பூப் போத்தல்

மட்டக்களப்பின் பெரியகல்லாற்றில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சென்ற மாரி காலத்தில் திடீரென்று கை நடுங்கத் தொடங்கியது. இரவில் உறக்கமில்லை, மழைக் குளிரிலும் நெற்றி வியர்த்தது, வயிறு கழன்றது, ஓரிடத்தில் பத்து நிமிடம் இருக்க முடியாத பதகளிப்பு வேறு. அயலவர்கள் நாவூறு என்றார்கள், தண்ணீர் ஓதிக் கொடுக்கவும் ஒருவர் வந்து போனார். நான் ஓய்வு பெற்ற மருந்தாளன். பழக்கதோஷத்தில் அவருடைய குளிசைகளையெல்லாம் பாயில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மனநலக் கிளினிக்கில் மனச்சோர்வுக்குக் கொடுத்த புளுவொக்செற்றின் குளிசை இருந்தது, பிரஷர் குளிசை இருந்தது, இவற்றுக்கு நடுவே மஞ்சள் பூப் படம் ஒட்டிய பழுப்பு நிறப் போத்தல் ஒன்றும் இருந்தது.

“அது பூ மருந்துதானே மனே, ஒரு கெடுதியும் செய்யாதெண்டு ஜேர்மனியில இருந்து வந்த மருமகன் சொன்னவர்” என்றார் பெரியம்மா.

அந்தப் பூ நம்மூர்ப் பூவல்ல. ஆங்கிலத்தில் சென் ஜோன்ஸ் வோர்ட் என்றும் ஜேர்மன் மொழியில் யொஹானிஸ்கிறவுட் என்றும் சொல்லப்படும் ஐரோப்பிய மூலிகை அது. அதை நான் பழிக்கப் போவதில்லை. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராயும் கொக்ரேன் அமைப்பு 2008 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 29 சோதனைகளில் பங்குபற்றிய 5,489 பேரின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, மிதமான மனச்சோர்வுக்கு இந்த மூலிகைச் சாறு மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட நன்றாகவும் வழக்கமான மருந்துகளுக்கு ஏறக்குறைய இணையாகவும் வேலை செய்கிறது என்று கண்டது. ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் செய்த சோதனைகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் அதே தொகுப்பு மறைக்காமல் குறித்திருக்கிறது. ஆகவே மருமகன் கொண்டு வந்தது உண்மையான மருந்துதான். மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனத்தைக் கூட்டும் இரண்டு மருந்துகளை, ஒன்றை மருந்தென்றும் மற்றதைப் பூவென்றும் நினைத்து, ஒரே உடம்பு ஒரே வேளையில் விழுங்கியதுதான் வினையாயிற்று. மருத்துவர் போத்தலை உடனே நிறுத்தினார். ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கியது. இதே மூலிகை ஈரலில் உள்ள நொதியங்களைத் தூண்டிவிட்டு, கருத்தடைக் குளிசை, இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்பரின், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து போத்தல் வராத வீடு நம் பக்கத்தில் குறைவு.

‘இயற்கை மருந்து, பக்கவிளைவே இல்லை’ என்ற வாசகத்தை முகநூலில் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மேலைநாட்டு மருத்துவம் படித்தவனின் கோபம் என்று இதை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். அந்த வாசகம் முதலில் அவமதிப்பது நம்முடைய பரியாரிமாரையே. மருந்துப் பொருளின் நஞ்சை நீக்கச் சுத்தி செய்தல் என்றொரு முறை சித்த மருத்துவத்தில் ஏன் இருக்கிறது? பத்தியம் ஏன் இருக்கிறது? மூலிகை நஞ்சாகவும் முடியும் என்பதை அறிந்தவர்களல்லவா அந்த முறைகளை வகுத்தார்கள்?

மாரியில் நம் வேலிகளில் படர்ந்து பூக்கும் கார்த்திகைப்பூவையே எடுத்துக்கொள்வோம். அதன் கிழங்கில் கொல்சிசின் இருக்கிறது. பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் துடிக்க வைக்கும் யூரிக் அமில வாதத்துக்கு இன்றும் மருத்துவர்கள் கொல்சிசினைத்தான் அரை மில்லிகிராம் கணக்கில் எழுதுகிறார்கள். அதே கிழங்கை வற்றாளங்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்களும் இந்த நாட்டில் உண்டு. பரியாரியார் அதை உப்பிட்ட மோரில் நாட்கணக்காக ஊறவைத்து உலர்த்தினார். காணொளி பார்த்து மருந்து அரைப்பவரிடம் மோரும் இல்லை, பொறுமையும் இல்லை.

சர்ப்பகந்தியின் கதை இன்னும் விசித்திரமானது. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் இந்தியாவில் நெடுங்காலம் கொடுக்கப்பட்ட அந்த வேரிலிருந்து 1952 இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். உயர் குருதியழுத்தத்துக்கு அது உலகெங்கும் பரவியபோது, அதை உட்கொண்டவர்களில் சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். மருந்தா காரணம் என்பதில் பின்னாளில் வாதங்கள் எழுந்தன என்றாலும், மூளையின் இரசாயனங்கள் குறைவதற்கும் மனம் சோர்வதற்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் வலுப்பெற அந்த வேரும் ஒரு காரணமாயிற்று. மனத்தை அமர்த்தும் என்று கொடுத்த மூலிகையே மனத்தைக் கவிழ்க்கிறதோ என்று ஐயப்பட வேண்டியிருந்தது.

நோவுக்கு வருகிறேன். என் முழங்காலுக்கு நான் பூசுவது நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்தான். சூடாக்கித் தேய்த்து, ஆமணக்கிலையை வாட்டிக் கட்டினால் அன்றிரவு சற்று இலகுவாக இருக்கும். அவ்வளவே அதன் வேலை. அது எனக்குப் போதும். மூட்டுநோவுக்கென்று பெயரில்லாத பைக்கற்றில் வரும் தூள் இரண்டே நாளில் நோவை அடியோடு எடுத்துவிட்டால் மகிழ்ச்சியடைய வேண்டாம், சந்தேகப்படுங்கள். மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட நோத் தூள்களில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்ரீரோயிட்டுகளும் டைக்ளோபினாக் என்ற நோ மருந்தும் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. என் அயலில் ஒருவருக்கு இப்படியொரு தூளால் நோவு பறந்தது, கூடவே முகம் பூரணச் சந்திரனாக ஊதி, சீனியும் முந்நூறைத் தாண்டியது.

நம் பக்கத்தில் மனச்சோர்வு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. “மேலெல்லாம் உளையுது”, “நாரி நோகுது”, “தலையிடி”, “ஒரே யோசினை” என்றுதான் வரும். பெரியப்பா இறந்த பின் பெரியம்மாவுக்குப் பிடரியிலும் நாரியிலும் நோவு. பதினொரு மாதம் ஊர்ப் பரியாரியாரிடம் எண்ணெய் பூசினார். பூசும் நாளில் சுகம், மறுநாள் பழையபடி. கடைசியில் அந்த மனிதரே என்னைக் கூப்பிட்டு, “நோ உடம்புல இல்ல தம்பி, ஆசுபத்திரியில மனசுக்குப் பாக்கிற டொக்டரிட்டக் காட்டுங்க” என்றார். மட்டக்களப்பான் பாயோடு ஒட்டவைத்துவிடுவான் என்று எங்கள் மருந்துக்கும் மந்திரத்துக்கும் பயந்து வெளியூரார் சொல்வதுண்டு. இவரோ தன் கைக்கு எட்டாததை எட்டாது என்று சொல்லத் தெரிந்தவர். மனமும் நோவும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அமிற்றிப்ரிலின் ஒன்றே போதும்: மனச்சோர்வுக்கென்று வந்த அதே குளிசையைக் குறைந்த அளவில் நரம்பு நோவுக்கும் இரவில் கொடுக்கிறோம். இரண்டு நோய்க்கும் பொதுவான நரம்புப் பாதைகள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்ந்தென்ன என்ற எண்ணம் தலைகாட்டினால் எந்த இலையையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

மருத்துவர்கள் மீதும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. பெரியம்மா ஏன் அந்தப் போத்தலைக் கிளினிக்கில் காட்டவில்லை? முன்பொரு முறை, வேறோரிடத்தில், கசாயம் குடிப்பதாகச் சொன்னதற்கு வரிசையில் நின்ற இருபது பேர் முன்னிலையில் ஏச்சு வாங்கியிருக்கிறார். ஏச்சு வாங்கியவர் கசாயத்தை நிறுத்தவில்லை, சொல்வதைத்தான் நிறுத்தினார். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்களைப் பதிவு செய்து வைத்திருக்கும் நாட்டில், நோயாளி இரண்டு பக்கமும் போவார் என்பது ஆச்சரியப்பட வேண்டிய செய்தியா? கிளினிக் கொப்பியில் ‘நாட்டு மருந்து’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும்.

போன கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். வீட்டிலிருந்த எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேசையில் வைத்தோம். இளம் மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார். வல்லாரைச் சம்பலைச் சாப்பிடுங்கள் என்றார். சிலருக்கு ஈரல் பாதிப்பை உண்டாக்கியதாகப் பதிவாகியிருப்பதால் அமுக்கிராத் தூளை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். நொச்சியெண்ணெய்ப் போத்தலின் மூடி சரியாக இறுகாமல் கொப்பியின் பாதிப் பக்கங்களில் எண்ணெய் ஊறியிருந்தது. அந்த எண்ணெய்த் தாளிலேயே, பேனா வழுக்க வழுக்க, மூன்றையும் எழுதிக் கொடுத்தார்.