365 நாளும் பிறைக் கணக்கும்

ஈரோட்டில் திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தை. கடை விரித்துவிட்டு, பக்கத்துக் கடைக்கார நண்பனோடு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜமாஅத் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோ ஒன்றைக் காட்டினேன். குர்ஆனில் 'நாள்' என்ற சொல் சரியாக 365 தடவை வருகிறதாம். மனுஷன் எழுதியிருக்க முடியுமா என்று கேட்டு முடிகிறது.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஔவையார் 'அணுவைத் துளைத்து'ன்னு பாடியிருக்காங்க, அப்பவே அணு விஞ்ஞானம் தெரிஞ்சிருக்குதுன்னு போன வாரம் நான் சொன்னதுக்குச் சிரிச்சியே மாப்ள. உனக்கொரு ஞாயம், எனக்கொரு ஞாயமா?"

எனக்குப் பதில் வரவில்லை. வாங்கும்போது முழுசாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கிறவனைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் ஒரு சூரா, அதாவது அத்தியாயம், ஆரம்பிக்கிறது, 83-ஆவது. ஜவுளி வியாபாரி நான், அது எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன். நாளுக்கு அரபியில் 'யவ்ம்'. அந்த ஒருமையை எண்ணி, 'அய்யாம்' என்ற பன்மையையும் இன்னும் சில வடிவங்களையும் தள்ளினால்தான் 365 வருகிறது. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று விடையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கூத்து, நாம் நோன்பு பிடிப்பதும் ஹஜ்ஜுக்குப் போவதும் பிறைக் கணக்கில். அந்த வருஷத்துக்கு 354 நாள், சில வருஷம் 355. ரமலான் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருவதே அதனால்தான். நம் வேதத்தின் அற்புதத்தைச் சூரியக் கணக்கில் நிரூபிக்க ஏன் இந்தப் பாடு?

வயிற்றில் கரு வளரும் விதத்தைக் குர்ஆன் அன்றைக்கே சொல்லிவிட்டது என்ற வாதமும் இந்த ரகம்தான். 23-ஆவது சூராவின் 14-ஆவது வசனத்தில் வரும் 'அலக்கா' என்ற சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்புகள் ரத்தக்கட்டி என்றன. விஞ்ஞானம் வந்தபின் அட்டைப்பூச்சி, தொங்குவது என்கிறார்கள். அரபியில் எல்லாப் பொருளும் உண்டு, சரி. ஆனால் முடிவு தெரிந்தபின் பொருளை எடுத்தால் அது முன்னறிவிப்பாகாது. கரு படிப்படியாக வளர்வதைப் பற்றி கிரேக்க மருத்துவர் கேலன் 2-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பழைய குர்ஆன் ஏடுகள் கொஞ்சம் கனமான சங்கதி. அவை எழுதப்பட்ட தோலை ஆய்ந்து கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என்று 2015-இல் அறிவித்தார்கள். எழுத்து மிகப் பழையது என்பதற்கு நல்ல சாட்சி. ஆனால் பத்திரம் பழசு என்பதும் பத்திரத்தில் எழுதியது உண்மை என்பதும் வேறு வேறு. நிலம் வாங்கிய கொங்குக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மிஞ்சுவது குர்ஆன் தானே விடும் சவால்: இதுபோல ஒரு சூரா கொண்டு வாருங்கள் (2:23). மிகச் சிறிய சூராவுக்கு மூன்றே ஆயத், அதாவது வசனம். எனக்கு இந்த வாதத்தில்தான் மரியாதை. ஆனால் 'இதுபோல' என்று யார் தீர்ப்புச் சொல்வது? ஈரோட்டில் மக்தபில், பள்ளிவாசல் குர்ஆன் வகுப்பில், எழுத்துக்கூட்டி ஓதப் படித்த நான் அரபி நடையை எடை போட முடியாது. இதில் நம் அறிஞர்களே ஒரே குரலாக இருந்ததில்லை. 9-ஆம் நூற்றாண்டில் இராக்கின் பஸ்ரா நகரத்து அறிஞர் நள்ளாம், அரபிகளால் முடியாததற்குக் காரணம் நடை அல்ல, இறைவன் அவர்களைத் தடுத்ததுதான் என்றார். பின்னால் வந்த பாக்கில்லானி என்ற அறிஞர் அதை மறுத்து, நடைதான் அற்புதம் என்று வாதாடினார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தச் சண்டையில் இருந்த நேர்மை இந்த வீடியோக்களில் இல்லை.

"அப்புறம் நீ எதுக்கு நம்பறே?" என்றான் நண்பன், அடுத்த திங்கட்கிழமை. விடியலில் அத்தா யாசீன் சூரா ஓதும் குரலைப் பற்றிச் சொன்னேன். அது நிரூபணம் இல்லை என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டு இன்னொரு டீ சொன்னான்.

குரூப்பில் 354 கணக்கைப் போட்டேன். இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். பள்ளிவாசல் அஜ்ரத் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "பன்மை எத்தனை இடத்துல வருது, எண்ணிப் பாத்தியா தம்பி?" என்று கேட்டார்.