அடித்துக்கொள்கிறான் என்றால் முதலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

அந்த வீடியோவை நான் பகிரப் போவதில்லை. பாதிப் பேர் பார்த்தாகிவிட்டது, மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஆஸ்பத்திரி வரிசையில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்கிறான், அம்மா இரண்டு கையையும் பிடிக்கப் பார்க்கிறார், உள்ளேயிருந்து வந்தவர் "கன்ட்ரோல் பண்ணிட்டு அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்கிறார். அதற்குக் கீழே நம் ஆட்கள் எழுதியிருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வளர்ப்பு சரியில்லையாம். இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் வெளியே கூட்டி வரவேண்டுமாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வராமல் வேறு எங்கே கூட்டிப் போவது?

அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பல் சொத்தையாகும், காதில் சீழ் வைக்கும், தலை வலிக்கும். மலச்சிக்கல், தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பேச்சு வராத பிள்ளை தன்னை அடித்துக்கொண்டால் "அது ஆட்டிசம்தான்" என்று சொல்லி ஃபைலை மூடிவிடுகிறார்கள். அந்த உடம்புக்கும் நோய் வரும் என்கிற நினைப்பே வருவதில்லை.

என் மகனுக்கும் இதுதான் நடந்தது. நன்றாக இருந்தவன் திடீரென்று தாடையில் குத்திக்கொள்ள ஆரம்பித்தான். ராத்திரி தூக்கம் கிடையாது, சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து நார்நாராக்கிவிட்டான். நாங்கள் காட்டிய டாக்டர் அவனைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வளர்ற வயசு, பிஹேவியர் அதிகமாத்தான் இருக்கும்" என்று மாத்திரையைக் கூட்டி எழுதினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்பளத்துக்கு உயிரை விடுகிறவன், அப்பளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டு தயிர்சாதத்தை இடது பக்கமாகவே ஒதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தான். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், வலது கடைவாய்ப் பல்லில் கருப்பாக ஒரு குழி, ஈறு வீங்கிச் சிவந்து கிடக்கிறது. பல்லுக்கு வைத்தியம் பார்த்ததும் குத்திக்கொள்வது நின்றுவிட்டது.

அந்தப் பல் டாக்டர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. முதலில் வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, கூட்டம் இல்லாத கடைசி நேரத்துக்கு வரச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் இன்றைக்குப் போதும் என்றார். கண்ணில் அடிக்கிற விளக்கைத் திருப்பி வைத்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை அவன் கையிலேயே கொடுத்தார். எதைச் செய்வதற்கு முன்பும் அவனிடம், என்னிடம் இல்லை, அவனிடம் சொன்னார்.

உடனே வருவார்கள், "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரம் எங்கே" என்று. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன், அங்கே வேலை பார்ப்பவர்கள் படும் பாடு தெரியும். சரி, நேரம் இல்லை. கத்துகிற பிள்ளையை முதலில் உள்ளே கூப்பிடவும் நேரம் வேண்டுமா? "மற்ற நோயாளிகளும்தானே காத்திருக்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் என்ன சலுகை" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 25-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள், சிகிச்சையில் முன்னுரிமை என்று எழுதியே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு. நாங்கள் யாரிடமும் தர்மம் கேட்கவில்லை.

"இதற்கென்று தனி இடம் இருக்கிறதே, அங்கே போங்கள்." சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தென்காசியில் ஒரு பிள்ளைக்கு நடுராத்திரி காது வலித்தால் முட்டுக்காட்டுக்கா வரும்? ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் வரை கிடைக்கும் என்கிறார்கள். தொட்டுப் பார்க்கவே ஆள் இல்லாத இடத்தில் அந்த அட்டையை யாரிடம் நீட்டுவது?

இங்கிலாந்தில் ஆலிவர் மெக்கவன் என்று ஒரு பையன். ஆட்டிசமும் வலிப்பும் உண்டு. மனநோய்க்கான மருந்து வேண்டாம் என்று அவனும் சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். கேட்காமல் கொடுத்தார்கள். 2016-இல் 18 வயதில் இறந்துபோனான். அவன் அம்மா விடாமல் போராடியதில்தான் மருத்துவப் பணியாளர்களுக்கு ஆட்டிசம் பற்றிய பயிற்சி அங்கே 2022-இல் சட்டமானது. இங்கேயும் ஒரு பிள்ளை சாக வேண்டுமா?

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என் வீட்டுக்காரருக்கு பி.பி. எங்களுக்குப் பிறகு இவன் எந்த ஹோமில் இருப்பானோ, அங்கே இவன் ராத்திரியெல்லாம் விழித்திருந்தால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்களா, ஊசி போட்டுத் தூங்கவைப்பார்களா? இதை யோசிக்காமல் நான் படுத்த ராத்திரியே கிடையாது.

அதனால் ஒரே பக்கத்தில் எழுதி ஃபைலின் முதல் தாளாக வைத்திருக்கிறேன். பல் வலித்தால் என்ன செய்வான், வயிறு வலித்தால் எப்படிக் குனிந்து உட்காருவான், எந்தச் சத்தம் ஆகாது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக மோஷன் போனது எப்போது, எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன், படித்து முடிக்கும்வரை நகருவதில்லை. வேண்டும் என்கிற பெற்றோர் இன்பாக்ஸில் கேளுங்கள், பெயரை எடுத்துவிட்டு அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைக்கு வலி வந்தால் எப்படித் தெரியும் என்று கமெண்டில் எழுதுங்கள். வளர்ப்பைப் பற்றிப் பேச வருகிறவர்களை இன்றைக்கு பிளாக் செய்வேன்.