பக்கிங்காம் கால்வாயில் மறுபடி படகு ஓடுமா?

பக்கிங்காம் கால்வாயையும் சேர்த்து மத்திய அரசு அறிவித்த படகு வழியான தேசிய நீர்வழி 4 என்று செய்தி வரும்போதெல்லாம் சென்னைக்குள் மறுபடி படகு வரப்போகிறது என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் 2008-இல் அறிவித்த திட்டம் இது. அதற்கு முன்பே, 90களில், நகரத்துக்குள் படகின் கதையை நாம் முடித்துவிட்டோம். திருமயிலை ரயில் நிலையத்துக்குக் கீழே எட்டிப் பாருங்கள். பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. நடுவில் ஓடுவது சாக்கடை. அந்த இடத்தில் படகு போகாது.

என் கவலை அது இல்லை. நகரத்துக்குள் செத்துப்போனதைக் காட்டி, வெளியே உயிரோடு இருப்பதையும் கைகழுவிவிடுவோமோ என்பதுதான்.

1806-இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கியது இந்தக் கால்வாய். அப்புறம் பழவேற்காடு வரை நீண்டது. 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் போல நம் பக்கம். உப்பு, விறகு, நெல் எல்லாம் இதில்தான் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் ஆள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். அதற்காகத்தான் கரையோரம் நடைபாதை விட்டிருந்தார்கள்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியது. பசியில் ஊரை விட்டு வந்த ஜனங்கள் வெட்டியது. 1877 தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு ஆண் ஒருவரின் நாள் கூலியை, வைஸ்ராய் அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் எவ்வளவுக்குக் குறைத்தார் தெரியுமா? ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோகூட இல்லை, கூடவே ஓரணா. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். பெயர் மட்டும் அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தக் கால்வாயின் சூட்சுமம் லாக்கில், அதாவது நீர்மட்டத்தைக் காக்கும் கதவு அமைப்பில், இருக்கிறது. வழியில் பல ஆறுகளைக் கடக்கிறது. முகத்துவாரம் திறந்தால் ஆற்றில் தண்ணீர் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும். வெள்ளம் வந்தால் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அதனால் ஆற்றைக் கடக்கும் இடங்களில் இரு கரையிலும் கதவு வைத்து, உள்ளே நீர்மட்டத்தைக் காத்தார்கள். 60களிலும் 1976-இலும் அடித்த புயல்களில் பட்ட அடியோடு பராமரிப்பும் போயிற்று. கதவு போனால் மட்டம் போகும், மண் மேடிடும். கால்வாய் தூர்ந்தது இப்படித்தான்.

அப்படி இருந்தும் 2004 சுனாமியில் உள்ளே ஏறிய கடல்நீரை இதுதான் வாங்கிக்கொண்டது. கரையோரக் குப்பங்களில் எத்தனையோ உயிர் பிழைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. வாய்க்கால்தானே என்று தூர்த்துவிடலாம் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முட்டுக்காட்டுக்குத் தெற்கே போய்ப் பாருங்கள். கல்பாக்கம் தாண்டி மரக்காணம் உப்பளங்கள் வரை கால்வாய் கால்வாயாகவே கிடக்கிறது. சரக்கு ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லாரி ஓடும் காலத்தில் அது உடனே நடக்காது. முதலில் சாக்கடை கலப்பதை நிறுத்துங்கள், லாக்குகளைச் செப்பனிடுங்கள், சின்னப் பயணிகள் படகாவது ஓடட்டும்.

இன்னொன்று. இப்போது குறுக்கே கட்டும் பாலங்களில் பலதும் தாழ்வாகவே வருகின்றன. அடியில் படகு நுழைய உயரம் விட்டுக் கட்டச் சொல்ல டெல்லி நிதி தேவையில்லை. வரைபடம் கையெழுத்துக்கு வரும்போது நீர்வளத் துறை கேட்டாலே போதும்.