பிரமாணத்தில் மாட்டிய என் சினிமா மலையாளம்

எனக்கு மலையாளம் தெரியும் என்று முப்பது வருடமாகச் சொல்லித் திரிந்தவன் நான். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்காரன் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? களியக்காவிளை தாண்டினால் கேரளம். சின்ன வயதில் எங்கள் வீட்டு ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்தே நிற்கும். 1985-ல் தொடங்கிய அந்த மலையாளத் தூர்தர்ஷன்தான் எங்களுக்குத் தெளிவாக விழும். சென்னை நிலையம் என்றால் திரையெல்லாம் புள்ளி மழை. ஞாயிறு சாயங்காலப் படங்களைப் பார்த்துப் பார்த்தே மலையாளம் காதில் ஏறிவிட்டது. சப்டைட்டிலாவது ஒன்றாவது!

போன வருடம் பட்டா வேலைக்காகப் பாட்டா (தாத்தா) காலத்துப் பிரமாணத்தை எடுத்தேன். (வெளியூர்க்காரர்களுக்கு: பிரமாணம் என்றால் இங்கே கிரையப் பத்திரம்.) கொல்லம் 1121-ல் எழுதியது, இங்கிலீஷ் கணக்கில் 1945-46. அப்போது இது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல்தான் நாங்கள் இந்தப் பக்கம் சேர்ந்தோம். பத்திரம் முழுக்க மலையாளம். ஒரு வரி ஓடவில்லை எனக்கு.

பக்கத்தில் தங்கச்சி மகள். "மாமா, மலையாளம் ஒங்களுக்குத் தண்ணி பட்ட பாடுன்னு சொல்லுவியளே, வாசிங்க பாப்போம்" என்றாள். அவள் கொரியன் சீரியல் பார்த்துக் கொரிய மொழி படிக்கிறவள். சேஜோங் என்ற அரசர் 1443-ல் உருவாக்கிய எழுத்து, இன்றைக்கு அடிப்படை எழுத்து இருபத்திநாலுதான். சீரியல் பைத்தியம் பிடித்த முதல் வாரத்திலேயே அதைப் பழகிவிட்டாள். எங்கோ கிடக்கிற கொரியாவின் எழுத்தை அவள் படிக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்குகிற ஊரின் போர்டு எனக்குப் படிக்கத் தெரியாது.

கடைசியில் பழைய ஆதாரம் எழுத்துக்காரர் (பத்திரம் எழுதுகிறவர்) ஒருவரைப் பிடித்து, ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "கிழக்கே அதிரு" என்று ஆரம்பித்தார். என்ன அதிருது என்று கேட்டுவிட்டேன். மலையாளத்தில் அதிர் என்றால் எல்லை. எத்தனை படம் பார்த்திருப்பேன்! ஒரு கதாநாயகனும் என் காது கேட்க நாலு எல்லை சொல்லி நிலம் வாங்கவில்லை.

சினிமாவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். "எந்தரப்பீ" என்றால் திருவனந்தபுரம், "எந்தூட்டா" என்றால் திருச்சூர், ஓன், ஓள் என்று பேசினால் வடக்கே கண்ணூர்ப் பக்கம் என்று எனக்குச் சொல்லித் தந்தது சினிமாதான். எந்த இலக்கணப் புத்தகம் படித்தாலும் அந்த ராகம் கிடைக்காது. ஆனால் படத்தில் பாதி அர்த்தத்தை முகமும் பின்னணி இசையும் சொல்லிவிடுகின்றன. புரிந்தது மொத்தமும் மொழியால்தான் என்று காது பெருமைப்பட்டுக்கொள்கிறது. காகிதத்துக்கு முகம் கிடையாது.

இன்னொரு வினை, மரியாதை. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் ஒரு பெரியவரிடம் "தான் ஒந்நு நோக்கியே" என்றேன். நம்மூர் 'தாங்கள்' போல என்று நானாக நினைத்துக்கொண்டது. அது சிநேகிதர்களுக்குள் சொல்கிற 'நீ'. படத்தில் எல்லாரும் சிநேகிதர்கள்தானே! தெற்குக் கேரளத்தில் பெரியவர்களை 'நிங்ஙள்' என்றாலே முகம் சுளிப்பார்கள். சேட்டா, சார் என்று சுற்றி வளைத்துத்தான் பேச வேண்டும். பெரியவர் எனக்குச் சாமானே எடுத்துத் தரவில்லை. தங்கச்சி மகளுக்கும் இதே கதைதான். ஆன்லைன் வகுப்பில் டீச்சரம்மாவிடம் சீரியல் பாணியில் பேசி, "இது பன்மல், கூடப் படிக்கிறவர்களிடம் பேசுகிற பேச்சு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பத்திரத்தில் பட்ட அவமானத்தில் எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். நினைத்த அளவு கஷ்டமில்லை. ண, ய எல்லாம் சொந்தக்காரப் பிள்ளைகள் மாதிரி முகச்சாயலோடு இருக்கின்றன. ந-வுக்கும் ன-வுக்கும் சேர்த்து ஒரே எழுத்து. ஒரு க-வுக்கு நாலு க இருப்பதுதான் ஆளைக் கொல்லும்.

வாசிக்க எடுத்தது என்ன தெரியுமா? பேப்பரில் சரமப் பக்கம், அதாவது மரணச் செய்திப் பக்கம். சிரிக்காதீர்கள். தினமும் அதே வாக்கிய அமைப்பு. ஆள் பெயரும் வயசும் மட்டும் மாறும். 'அந்தரிச்சு' (காலமானார்), பார்ய (மனைவி), மக்கள், மருமக்கள், 'சம்ஸ்காரம் நாளெ 11-ன்னு வீட்டுவளப்பில்' (வீட்டு வளாகத்தில்). அங்கே சம்ஸ்காரம் என்றால் பண்பாடு, இறுதிச் சடங்குக்கும் அதே சொல்தான். இரண்டு மாதத்தில் தடுக்காமல் வாசித்தேன். பிறகுதான் தலைப்புச் செய்தி, அப்புறம் தலையங்கம். புதிதாகப் படிக்கிறவர்களை நேரே இலக்கியத்தில் தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சென்னையில் ஒன்பது வருடம் இருந்தபோது என் மலையாளம் துருப்பிடித்தது. படம் பார்ப்பதை விடவில்லை, ஆனாலும் வாய் வரவில்லை. இப்போது காலையில் பத்து நிமிஷம் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிக்கிறேன். முந்தின நாள் கண்ணில் பட்ட சொல் படத்தில் வந்தால் காது டக்கென்று பிடித்துக்கொள்கிறது. எங்கள் தேங்காய்ப்பட்டணத்து எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாளம் படித்தவர். தமிழில் நாவல் எழுதி 1997-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். எல்லையில் இருக்கிறவனுக்கு இரண்டும் தானாக வந்துவிடும் என்பார்கள். வராது, நானே சாட்சி.

பிரமாணத்தை மறுபடி எடுத்திருக்கிறேன். 1971-ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து கேரளத்தில் பல கூட்டெழுத்துகளைப் பிரித்துவிட்டார்கள். பாட்டா காலத்துக் கையெழுத்தில் அவை அத்தனையும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. கிழக்கும் வடக்கும் வாசித்தாயிற்று. மேற்கு அதிரில் ஒரு எழுத்து, மூன்று நாளாகப் பிடிபடவில்லை.