பந்தயம் பார்க்க ஆசையா? டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்

சிங்கப்பூர் மரினா பே எஃப்1 கார்ப் பந்தயத்தில் மார்ஷலாக, அதாவது தடத்தோரம் நின்று கொடி காட்டி, நின்றுபோன காரை அகற்றும் ஆளாக, தொண்டூழியம் செய்ய என்ன வழி என்று நம் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். இந்த ஊரில் கார் மேல் ஆசை வைப்பது சாதாரணச் செலவா? 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் 150,001 வெள்ளியைத் தொட்டது. அது காரின் விலைகூட இல்லை, 10 வருடம் வைத்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும். கார் வாங்க வழியில்லாதவருக்கும் உலகின் மிக வேகமான கார்கள் சில அடி தூரத்தில் சீறிக்கொண்டு போகும் இடம், மார்ஷல்கள் நிற்கும் மார்ஷல் போஸ்ட் என்பதால் ஆசை வருவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்தான் போஸ்ட்டுக்கே பெரிய தலைவலி. பந்தயம் பார்ப்பதும் பந்தயத் தடத்தைப் பார்ப்பதும் வேறு வேறு வேலை. மார்ஷலுக்கு இரண்டாவதுதான்.

கொடி பிடிப்பவர்கள் இருவராக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடிக்காரர் கார்கள் போகும் திசையைப் பார்ப்பார். அங்கிருந்து அடுத்த போஸ்ட் வரை அவர் பொறுப்பு. பின்னால் வேகமான கார் வருகிறது என்று காட்டும் நீலக் கொடிக்காரர் கார்கள் வரும் திசையைப் பார்ப்பார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் நடப்பது இன்னொருவர் கண்ணில் இருக்கும். ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் முந்திவிட்டாரா என்று மஞ்சள்காரர் தலையைத் திருப்பினால், அந்த இரண்டு நொடி அந்த வளைவுக்குக் காவலே இல்லை. கொடியின் நிறத்தில் எரியும் விளக்குப் பலகைதான் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். விளக்கு தானாகப் பார்த்து எரிவதில்லை, யாரோ ஒருவர் பார்த்துத்தான் எரிய வைக்க வேண்டும்.

கொடியை அசைப்பதும் பழகவேண்டிய கைவேலை. கொடி குறைந்தது 60க்கு 80 சென்டிமீட்டர், சிவப்பும் கட்டம் போட்டதும் 80க்கு 100. மேலும் கீழும் ஆட்டினால் துணி கம்பில் சுற்றிக்கொள்ளும். மழையில் நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காற்றில் எட்டு எழுதுவதுபோல் அகலமாக வீச வேண்டும். சுற்றிக்கொண்ட கொடி ஓட்டுநருக்கு வெறும் குச்சியாகத்தான் தெரியும்.

ஒற்றை மஞ்சள் என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே. இரட்டை மஞ்சள் என்றால் நிறுத்தவும் தயாராக இரு, தடம் அடைபட்டிருக்கிறது அல்லது மார்ஷல் தடத்தில் இறங்கியிருக்கிறார். ஆகவே ஆள் இறங்குவதற்கு முன்பே இரண்டாவது கொடி ஆட வேண்டும், இறங்கிய பிறகு அல்ல. அப்போதும் நம்பிவிடக் கூடாது. 2014ல் ஜப்பானின் சுஸுகாவில் இரட்டை மஞ்சள் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் ஓட்டுநர் ஜூல்ஸ் பியாங்கியின் கார் மீட்பு வாகனத்தில் மோதியது. மறு ஆண்டே, எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற விர்ச்சுவல் சேஃப்டி கார் விதி நடைமுறைக்கு வந்தது.

தடத்தைக் குறுக்கே கடக்கும் ஆசை இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 70 மீட்டர் கடக்கும். பூட்ஸும் கையில் தீயணைப்பானுமாக நீங்கள் தடத்தைக் கடக்க நான்கு நொடி எடுத்தால், கிளம்பும்போது 280 மீட்டருக்கு அப்பால் இருந்த கார் உங்கள் மேல் இருக்கும். 1977ல் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் நடந்தது இதுதான். நின்றுபோன காரை நோக்கித் தீயணைப்பானோடு குறுக்கே ஓடிய மார்ஷல் மேல் ஓட்டுநர் டாம் பிரைஸின் கார் மோதியது, தீயணைப்பான் பிரைஸின் தலையில் அடித்தது, இருவரும் இறந்தார்கள். நம் ஊரிலும் 2016ல், முன்னால் ஓடிக் கார்களை மெதுவாக்கும் சேஃப்டி கார் விலகிப் பந்தயம் மறுபடி தொடங்கியபோது, உடைந்த பாகம் பொறுக்கிக்கொண்டிருந்த மார்ஷல் ஒருவர் ஓட்டுநர் ரோஸ்பெர்க்கின் கார் வருவதைப் பார்த்து ஓடித் தப்பினார். (அதே வார இறுதிப் பயிற்சியில் ஓர் உடும்பும் தடத்துக்கு வந்தது. அதற்கு யாரும் பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை.)

கார் நின்றதும் கை வைக்கத் துடிப்பவர்களுக்கு: வைக்காதீர்கள். இன்றைய எஃப்1 காரில் உயர் மின்னழுத்த பேட்டரி இருக்கிறது. ஓட்டுநர் தலைக்குப் பின்னே மேலே ஒரு சிறு விளக்கு இருக்கும். பச்சை எரிந்தால் தொடலாம். சிவப்பு எரிந்தாலும் சரி, எதுவுமே எரியாவிட்டாலும் சரி, அது ஆபத்தான கார்தான். அணைந்த விளக்கைப் பார்த்து “எல்லாம் ஆஃப் ஆகிவிட்டது” என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அந்த நிலையில் ஓட்டுநர் காரின் மேலிருந்து இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பார். ஒரு கை காரிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால் மின்சாரம் உடம்பு வழியே இறங்கும். பாவம் என்று தாங்கிப் பிடிக்க ஓடினால் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள்.

பச்சை உறுதியானால், வட்டத்துக்குள் சிவப்பில் ‘என்’ (N) போட்ட பொத்தானைத் தேடுங்கள். அழுத்தினால் கிளட்ச் விடுபடும், காரைத் தள்ளலாம். ஆங்கில ‘இ’ (E) போட்ட வட்டம் தீயணைப்புக்கு. பதற்றத்தில் இரண்டையும் மாற்றிவிட்டால் காக்பிட் முழுக்கத் தீயணைப்பு மருந்துதான். தள்ளும்போது இறக்கையில் கை வைத்தால் உடையும். புகைக்குழாயும் பிரேக்கும் கையுறையைத் தாண்டிச் சுடும்.

பெரும்பாலான நேரம் கையில் இருப்பது என்னவோ துடைப்பம்தான். கார்பன் ஃபைபர் துண்டு கத்திபோல இருக்கும், வெறுங்கையால் எடுக்கவே கூடாது, டயரில் ஏறினால் பஞ்சர். பெருக்கும்போது கார்கள் போகும் கோட்டிலிருந்து சுவரடிக்குத் தள்ளிவிட வேண்டும். ஒருவர் பெருக்க, இன்னொருவர் விசிலோடு வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். எண்ணெய் சிந்தினால் உறிஞ்சும் தூளைத் தூவி, துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட வேண்டும். தாராளமாகக் கொட்டிவிட்டு வந்தால் எண்ணெய்க்குப் பதிலாகத் தூளே வழுக்கும்.

போஸ்ட்டின் தலைவரான போஸ்ட் சீஃப் வானொலியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் வரிசையையும் பழகிக்கொள்ளுங்கள்: போஸ்ட் எண், கார் எண், எங்கே நிற்கிறது, ஓட்டுநர் நிலை, என்ன உதவி வேண்டும். அவ்வளவுதான். “ஐயோ, பெரிய மோதல்!” என்பதை வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறை ஒன்றும் செய்ய முடியாது.

உடை விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். மேலங்கிக்குள் பருத்திச் சட்டைதான். வியர்வை உறிஞ்சும் என்று பாலியஸ்டர் பனியன் போட்டால் தீயில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே தெரியும்படி சிவப்போ மஞ்சளோ வேண்டாம், ஓட்டுநருக்குக் கொடியாகத் தெரியலாம். காதடைப்பானை மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். சும்மா செருகினால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தண்ணீரைத் தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், இடையிடையே உப்புச்சத்துள்ள பானம். இரவுப் பந்தயம் என்பதால் குளிராக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025ல் இங்கேதான் எஃப்1 பந்தயத்துக்கு முதன்முறையாக வெப்ப ஆபத்து எச்சரிக்கையே அறிவிக்கப்பட்டது.

மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வாருங்கள். கைபேசியைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.