திலாப்பியாவுக்குக் குலம் கோத்திரம்

கந்தளாய்க் குளத்துத் திலாப்பியா இப்போது "அசல்" இல்லையாம். சில நாட்களாக முகநூலில் ஒரே புலம்பல். கடல் மீன் தின்று வளர்ந்த திருகோணமலைக்காரர்கள் குளத்து மீனின் குலம் கோத்திரம் விசாரிக்கும் அளவுக்கு இறங்கி வந்ததே பெரிய விடயம்தான். ஆனால் எந்த அசல்?

மொசாம்பிக் திலாப்பியாவை 1950களில் இலங்கைக் குளங்களில் விட்டார்கள். 1970களில் நைல் திலாப்பியா வந்தது. ஆபிரிக்காவில் வேறுவேறு ஆறுகளில் வாழ்ந்தவை இங்கே ஒரே தண்ணீரில். இரண்டிலும் ஆண்மீன் ஆழமில்லாத கரையோரத்தில் குழி பறிக்கும். பெண்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். கலக்காமல் என்ன செய்யும்? பிறக்கும் கலப்பு மீன் மலடும் அல்ல. இரு பக்கத்து இனங்களோடும் மறுபடி சேரும்.

வாலை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைல் என்றால் நெருக்கமான கோடுகள் மேலிருந்து கீழாகத் தெளிவாக இறங்கும். மொசாம்பிக்கில் அவை இல்லை. இனப்பெருக்கக் காலத்து ஆண் உடல் கறுத்து, தாடையடி வெளுத்து, செட்டை ஓரம் சிவந்திருக்கும். கலப்பில் பெரும்பாலும் கோடுகள் அரைகுறையாக அறுந்து கிடக்கும். சில தலைமுறைகள் போனால் இந்தச் சோதனையும் பலிக்காது. பார்வைக்கு அப்பட்டமான நைல், மரபணுவில் மொசாம்பிக்கும் ஒளிந்திருக்கும்.

குளத்தில் வலை போடுபவருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. அவர் விற்பது எடைக்கு. அடிபடுபவர் குட்டை வெட்டி, காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி வளர்ப்பவர். தம்பலகாமத்தில் என் உறவினர் ஒருவர் வேகமாக வளரும் நைல் என்று நம்பித்தான் வாங்கினார். சிறு வயதிலேயே முட்டையிடும் மொசாம்பிக் குணம் தலைகாட்டியது. குட்டை நிறைய உள்ளங்கையளவு மீன். தீவனமெல்லாம் அவற்றுக்கே போனது. குஞ்சு விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.

கலப்பே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 1960 அளவிலேயே மலாக்காவில் இரண்டு திலாப்பியா இனங்களைத் தெரிந்தெடுத்துச் சேர்த்து, வேகமாக வளரும் ஆண் குஞ்சுகளை மட்டும் பெற்றார்கள். அங்கே தாய் எது, தகப்பன் எது என்று தெரியும். குளத்தில் அள்ளிவந்த தாய்மீனுக்கு அது யாருக்குத் தெரியும்?

அசலுக்காக அழத்தான் வேண்டுமென்றால் ஆபிரிக்காவின் லிம்போப்போ ஆற்றுக்காக அழுங்கள். நைல் புகுந்து கலந்ததில், சொந்த ஊரிலேயே மொசாம்பிக் திலாப்பியா ஆபத்திலுள்ள இனமாகிவிட்டது.

இங்கே குஞ்சு வாங்குவோர், தாய்மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எழுத்தில் பதிவு காட்டாதவருக்கு நைல் விலை கொடுக்காதீர்கள்.